ஒரு காது பாக்கி

பெயர்: சி. அழகுபாண்டி. பிறந்தது 1986 செப்டம்பர், வாடிப்பட்டி. தந்தை சிவனாண்டி, வாழை விவசாயி. படிப்பு: மின்னணுவியலில் பட்டயம். வேலை: நாகமலை புதுக்கோட்டைக்கு அருகில் ஒரு தனியார் கல்லூரியின் இயற்பியல் ஆய்வக உதவியாளர், 2009 முதல். மனைவி சரண்யாதேவி. உடன்பிறந்தவர் ஒரே தங்கை, முனீஸ்வரி. செக்கானூரணிக்கு மேற்கே ஓர் ஊரில் வாழ்க்கைப்பட்டவர். முனீஸ்வரியின் மகள் ஒச்சாதேவி, பிறந்தது 2019 ஜூலை. அந்தக் குழந்தைக்கு 2022 மே 29 அன்று, குலதெய்வக் கோயிலில், தாய்மாமன் மடியில் வைத்து ஒரு காது குத்தப்பட்டது. மற்றொரு காது குத்தப்படவில்லை.

அந்த மற்றொரு காது அழகுபாண்டியை இரண்டு ஆண்டுகளாக நிம்மதியாக இருக்க விடவில்லை.

நடந்தது இதுதான். வலது காதில் ஊசி ஏறி, பொன்கம்பி முறுக்கப்பட்டதும் பெண்கள் குலவையிட்டார்கள். குலவை கேட்டால் பாட்டைப் போட வேண்டும் என்பது ரேடியோ செட்காரர் பால்பாண்டிக்குச் சொல்லப்பட்டிருந்த ஏற்பாடு. காதுக்கு ஒரு குலவை என்பதை அவருக்கு யாரும் விளக்கவில்லை. புளியமரத்தடியில் ஆளுயரத்துக்கு அடுக்கியிருந்த பேஸ் பெட்டிகள் எல்லாம் ஒரே நேரத்தில் உறுமின. ஆசாரியின் ஊசி இடது காதின் ஓரத்தைக் கீறிக்கொண்டு வழுக்கியது. குழந்தை அழவில்லை, அழுதிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மாமன் மடியில் விறைத்து, மூச்சை உள்ளேயே பிடித்துக்கொண்டு, உதடு நீலம் பாரித்துக் கிடந்தது. ஆஸ்பத்திரி வாசலில்தான் வாய்விட்டு அழுதது. ஆக்கி வைத்த கறியும் சோறும் பந்தி போடாமலே ஆறின.

காயம் பத்து நாளில் ஆறிவிட்டது. பயம் ஆறவில்லை. கல்யாண மண்டபத்து வாசலில் கறுப்புப் பெட்டிகள் அடுக்கியிருப்பதைக் கண்டாலே தேவி இரு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டு தாயின் சேலைக்குள் புகுந்துகொள்வாள். முனீஸ்வரியின் மாமியார் செல்லத்தாய் எல்லாவற்றையும் யோசித்துப் பார்த்து ஒரு முடிவுக்கு வந்திருந்தார்.

"ஊசியிலயும் கொற இல்ல, செட்டுலயும் கொற இல்ல. மடி சரியில்ல."

அழகுபாண்டியின் காதுபடவே அவர் இதைச் சொன்னார். மூன்றாம் வயதில் தவறினால் ஐந்தில் குத்த வேண்டும். ஐந்தும் தவறினால் ஏழு வரை பிள்ளை ஒற்றைத் தோட்டோடு பள்ளிக்கூடம் போக வேண்டும். ஐந்தாம் வயது நடக்கும்போதே, 2024 மே 26, ஞாயிறு என்று நாள் குறித்தார்கள். அழகுபாண்டியின் பெரியப்பா மகன் மருது, அவரும் முறைக்கு மாமன்தான், இந்தத் தடவையும் பிசகினால் தன் மடியைத் தரத் தயார் என்று சொல்லியனுப்பியிருந்தார். மடி மாறினால் ஊருக்கு முன்னால் முனீஸ்வரிக்கு அண்ணன் இல்லை என்று பொருள். அதை யாரும் வாயால் சொல்ல வேண்டியதில்லை.

அழகுபாண்டி ஒலிபெருக்கி செய்பவர் என்பது இந்தக் கதையில் அவருக்கு நேர்ந்த கூடுதல் சங்கடம். "மச்சான் பொட்டி செய்யிற ஆளு, மருமக சத்தத்துக்குப் பயப்படுற ஆளு" என்று சம்பந்தி வீட்டில் ஒரு கேலி நிலைத்துவிட்டது.

ஆனால் அவர் செய்த பெட்டிகளுக்கும் புளியமரத்தடிப் பெட்டிகளுக்கும் பெயரைத் தவிர வேறு உறவு கிடையாது. அவருடையவை 'மானிட்டர்' எனப்படும் பிரிட்டிஷ் பாணிச் சிறு ஒலிபெருக்கிகள். அந்நாட்டில் ஒலிபரப்பு வண்டிகளுக்குள் அமர்ந்து அறிவிப்பாளரின் குரலைச் சரிபார்ப்பதற்காக அரை நூற்றாண்டுக்கு முன் உருவான வகை. வண்டிக்குள் இடமில்லை என்பதால் செருப்புப் பெட்டியைவிடச் சற்றே பெரிதாக, குரல் பிசகாமல் கேட்டால் போதும் என்ற ஒரே குறிக்கோளோடு வடிவமைக்கப்பட்டவை. கல்லூரிக்குப் பழுதுபார்க்க வந்த ஒரு பழைய ஜோடியைத்தான் அழகுபாண்டி 2012இல் முதன்முதலாகக் கேட்டார். வானொலியில் செய்தி வாசித்த பெண் ஒரு நீண்ட வாக்கியத்துக்கு முன் மூச்சிழுத்தது அவருக்குக் கேட்டது. அவர் திரும்பிப் பார்த்தார். அறையில் யாரும் இல்லை.

அதற்குப் பின் தாமே செய்யத் தொடங்கினார். பலகை மெல்லியதாக இருக்க வேண்டும் என்பது முதலில் அவருக்கே விளங்கவில்லை. தடித்த பலகையில் எஞ்சும் அதிர்வு குரலின் நடுவிலேயே வந்து குந்திக்கொள்ளும். மெல்லிய பலகையின் உட்புறம் தார்ச்சீட்டு ஒட்டினால் அந்த அதிர்வு குரலுக்கு அடியில் இறங்கி அடங்கிவிடும். கார்களுக்கு டிங்கரிங் செய்யும் பட்டறையில் தார்ச்சீட்டு கிடைத்தது. மற்ற பாகங்களை டவுன்ஹால் ரோட்டுக் கடைகளிலும் தபாலிலுமாக வாங்கிச் சேர்த்தார். இரண்டு ஜோடிகள் கெட்டுப்போயின. மூன்றாவது ஜோடி பேசியது. இரண்டு பெட்டிகளுக்கும் நடுவே, ஒன்றுமில்லாத வெற்றிடத்தில், ஓர் ஆள் உட்கார்ந்து பேசுவதுபோல் இருந்தது. பெட்டிகள் இருந்த இடத்திலிருந்து ஒலி வருவதாகவே தெரியவில்லை. அழகுபாண்டிக்குத் தம் வாழ்நாளில் பெருமைப்பட ஒன்று உண்டென்றால் அது அந்த வெற்றிடம்தான்.

"வாரத்துல ஒரு நாளாச்சும் அந்தப் பொட்டியப் பாக்குற மாதிரி என்னையப் பாருங்க" என்பார் சரண்யாதேவி. "நானும் பேசத்தான செய்யிறேன்?"

மே மாதத் தொடக்கத்தில், அழகுபாண்டி வரச்சொல்லி, பால்பாண்டி வாடிப்பட்டி வீட்டுக்கு வந்தார். இந்த முறையும் அவருடைய செட்டைத்தான் முனீஸ்வரியின் கொழுந்தன் விக்ரம் பேசி வைத்திருந்தார். பழைய சம்பவத்துக்குப் பின் பால்பாண்டி அழகுபாண்டியின் முகத்தைப் பார்த்துப் பேசுவது இதுவே முதல் முறை. வந்தவர் அலமாரியைப் பார்த்தார், சுற்றிலும் பார்த்தார்.

"பொட்டி எங்கண்ணே?"

"இதுதான்."

"இதா? நான் டிபன் பொட்டின்னு நெனச்சேன். பேஸ் எங்க இருக்கு?"

"இல்ல."

"இல்லன்னா?"

"அந்தளவுக்கு இதுல இறங்காது, பால்பாண்டி."

பால்பாண்டி நம்பவில்லை. தம் கைபேசியிலிருந்து ஓர் உறுமி மேளத்தைப் போட்டு, ஒலியைக் கூட்டிக்கொண்டே போனார். குச்சி தோலில் உராய்வது துல்லியமாகக் கேட்டது. அடியிலிருந்து எழ வேண்டிய முனகல் எழவில்லை. இன்னும் கொஞ்சம் கூட்டியதும் பெட்டிக்குள்ளிருந்த ஒலிக்கூம்பு எல்லை தாண்டித் 'தப்' என்று இடித்தது. அழகுபாண்டி பாய்ந்து குறைத்தார்.

"கொமட்டுதுண்ணே உங்க பொட்டி" என்று சிரித்தார் பால்பாண்டி. "இத வச்சுக்கிட்டுக் கோயில்ல எத்தன பேருக்குக் கேக்கும்?"

"நாலு பேருக்கு. அவங்களும் பக்கத்துல உக்காந்திருக்கணும்."

பிறகு அழகுபாண்டி ஒரு குரல்பதிவைப் போட்டார். முனீஸ்வரியின் கணவர் பாண்டியராஜன் குவைத்தில் கனரக வண்டி ஓட்டுகிறார். 2023 பிப்ரவரியில் போனவர். ஒப்பந்தம் முடியாமல் விடுப்பு இல்லை, மகளின் காதுகுத்துக்கும் இல்லை. மகளுக்கு அவர் அவ்வப்போது குரலில் கதை அனுப்புவார். அழகுபாண்டியின் வேண்டுகோளின்படி இந்த ஒன்றை வண்டியின் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, போர்வைக்குள் தலையை விட்டுக்கொண்டு பதிவுசெய்திருந்தார். சாலையை மறித்து நின்றுகொண்டு நகர மறுக்கும் ஓர் ஒட்டகத்தின் கதை.

பால்பாண்டியின் சிரிப்பு நின்றது. இரண்டு பெட்டிகளுக்கும் நடுவே அவர் பார்வை குத்திட்டு நின்றது.

"பாண்டியராசண்ணே எச்சி முழுங்குறது கேக்குதுண்ணே."

"அதுக்குத்தான் இது."

அழகுபாண்டியின் திட்டம் எளிமையானது. சீர்வரிசையோடு ஊர்வலமாகப் போவது வரைக்கும் பால்பாண்டியின் செட் முழங்கட்டும். அதுவரை குழந்தை தள்ளியிருக்கும் பங்காளி வீட்டில் இருக்கட்டும். மடியில் வைக்கக் குழந்தையைக் கொண்டுவரும் முன்பே செட்டை நிறுத்த வேண்டும். கோயிலை ஒட்டிய சிறு மண்டபத்துக்குள் தகப்பன் குரல் மட்டும் ஒலிக்க வேண்டும். அந்தக் குரல் குழந்தையைப் பிடித்து வைத்திருக்கும் நேரத்துக்குள் ஆசாரி தம் வேலையை முடித்துவிட வேண்டும்.

"பத்து நிமிசம் நிறுத்துனாப் போதும்" என்றார்.

"நான் நிறுத்திருவேண்ணே. செல்லத்தாயம்மா நிறுத்த விடணும்ல?"

அந்தக் கேள்வி பால்பாண்டி போன பின்பும் வீட்டிலேயே தங்கிவிட்டது. அழகுபாண்டி ஆய்வகத்துக்குப் போனார், வந்தார். பெட்டிகளைக் கழற்றிப் பார்த்தார், பூட்டினார். மின்சாரம் போனால்? அதற்கு ஒரு மின்கலம் வைத்தார். கம்பி அறுந்தால்? இன்னொரு கம்பி. ஜெனரேட்டர் இரைச்சல் மண்டபத்துக்குள் வருமா என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கே போய்க் கேட்டுவிட்டு வந்தார். சரண்யாதேவியை உட்காரவைத்துப் பதிவைப் போட்டார். தம் தந்தையை உட்காரவைத்துப் போட்டார். இருவரும் அசையாமல் கேட்டார்கள். எல்லாவற்றையும் சோதித்த அவர், தேவியை வைத்துச் சோதிக்கவில்லை. முதல்முறை கேட்கும் வியப்பு வீணாகிவிடக் கூடாது என்று நினைத்தார்.

மே 26 காலை. சீர்த்தட்டுகளும் கிடாயும் மாலையுமாக வாடிப்பட்டி ஆட்கள் வந்து இறங்கினார்கள். புளியமரத்தடியில் இந்த முறை அடுக்கு இன்னும் உயரமாக இருந்தது. விக்ரம் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார். ஊர்வலம் கோயிலை அடைந்ததும் அழகுபாண்டி செல்லத்தாயிடம் போனார்.

"அத்த, பிள்ளையக் கொண்டுவரச் சொல்லுங்க. அதுக்கு முன்னாடி செட்ட நிறுத்திக்கிருவோம்."

"நிறுத்தவா? காதுகுத்து வீடா எழவு வீடாப்பா இது? எழவு வீட்டுலகூடக் கொட்டுச் சத்தம் கேக்கும்."

"பத்து நிமிசந்தான் அத்த."

"தாய்மாமன் வந்தா ஊரே அதிரும்பாக. எங்க வீட்டுக்கு வந்த தாய்மாமன், வாயப் பொத்துங்குறான்."

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். முனீஸ்வரி சிரிக்கவில்லை. அவர் மாமியாரின் அருகில் வந்து தணிந்த குரலில், "போன தடவ அதிந்துச்சுல்ல அத்த, போதும்ல?" என்றார். அந்த வீட்டில் அவர் அப்படிப் பேசி யாரும் கேட்டதில்லை. செல்லத்தாய் மருமகளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு பால்பாண்டியின் பக்கம் கையைக் காட்டினார். சத்தம் நின்றது. நின்றதும் வெளியே சாப்பாட்டுக்குக் காத்திருந்த கூட்டத்தின் சலசலப்பு பெரிதாகக் கேட்டது. காது குத்தி முடியாமல் இலை போட மாட்டார்கள் என்பதும், போன முறை இலையே போடவில்லை என்பதும் அவர்களுக்கு நன்றாக நினைவிருந்தது.

மண்டபத்துக்குள் அழகுபாண்டி சம்மணமிட்டு உட்கார்ந்தார். தேவியை மடியில் வைத்தார்கள். எதிரே, இடமும் வலமுமாக, இரண்டு பெட்டிகள். அவை கறுப்பாக இல்லாமலிருக்கச் சந்தன நிறத் துணி மாட்டியிருந்தார். குழந்தையின் முதுகு அவர் நெஞ்சில் படிந்திருந்தது. அதன் இதயம் அடிப்பதும் தம் இதயம் அடிப்பதும் பிரித்தறிய முடியாமல் கலந்து கேட்டன. ஆசாரி ஊசியைத் துடைத்து, இடது காதின் மடலைப் பிடித்தார். அழகுபாண்டி கைபேசியைத் தொட்டார்.

"தேவி… அப்பா பேசுறேன்டா தங்கம்."

குழந்தை நிமிர்ந்தது. முகம் மலர்ந்தது. அடுத்த கணம் ஆசாரியின் விரல்களிலிருந்து காதை உருவிக்கொண்டு, மடியிலிருந்து துள்ளி இறங்கி, இரண்டு பெட்டிகளுக்கும் நடுவிலிருந்த வெற்றிடத்தை நோக்கி ஓடியது.

"அப்பா!"

அங்கே யாரும் இல்லை. தூணுக்குப் பின்னால் பார்த்தது. சீர்த்தட்டுகளை மூடியிருந்த துணியைத் தூக்கிப் பார்த்தது. குரலோ ஒட்டகத்தைப் பற்றிச் சாவதானமாகச் சொல்லிக்கொண்டிருந்தது. "அப்பா ஒளிஞ்சுக்கிட்டாரு!" என்று முதலில் சிரித்த குழந்தை, இரண்டாவது முறை அதையே சொல்லும்போது விசும்பத் தொடங்கியது. முனீஸ்வரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டார்.

அழகுபாண்டி பதிவை நிறுத்தினார். ஊசி இன்னும் ஒரு விரற்கடை முன்னால் இருந்திருந்தால் காது கிழிந்திருக்கும். பெட்டியில் கோளாறு எதுவும் இல்லை. எந்த வெற்றிடத்தில் ஓர் ஆளைக் கொண்டுவந்து உட்காரவைக்க அவர் பத்தாண்டுகள் பாடுபட்டாரோ, அங்கே ஆள் வந்துவிட்டார். பெரியவர்கள் அதை வித்தை என்று ரசித்தார்கள், பிள்ளை உண்மை என்று நம்பிவிட்டது.

"மடிதான்" என்றார் செல்லத்தாய். குரலில் கோபம்கூட இல்லை. "நான் சொன்னேன்ல. மருது எங்க?"

மருது வாசலில்தான் நின்றிருந்தார். தோள்துண்டை எடுத்து உதறி, "நான் வாரேன், அழகு. நீ எந்திரி" என்றார்.

அழகுபாண்டி எழவில்லை.

"ஒரே ஒரு தடவ, அத்த."

"பிள்ள அழுகுது பாரு."

"அழட்டும். மூச்சுவிட்டுத்தான அழுகுது."

அவர் இடப்பக்கப் பெட்டியின் கம்பியைப் பிடுங்கினார். வலப்பக்கப் பெட்டியைத் தூக்கி, தமக்கு நேர் எதிரே, குழந்தையின் கைக்கு எட்டும் தூரத்தில், ஒரு முக்காலியின் மேல் வைத்தார். வெற்றிடம் இனி இல்லை. ஒற்றைப் பெட்டியிலிருந்து வரும் குரல் பெட்டியிலிருந்து வருவதாகவே கேட்கும். பிறகு குழந்தையை அழைத்தார்.

"இங்க வா தேவி. மாமா பொய் சொல்ல மாட்டேன். அப்பா வரல. அப்பா குவைத்துல இருக்காரு. அப்பா சத்தம் மட்டும் இந்தப் பொட்டிக்குள்ள இருக்கு."

"பொய்."

"தொட்டுப் பாரு."

"இது டம்முனு வெடிக்குமா?"

"வெடிக்காது. இதால முடியாது. இதுக்கு அம்புட்டுச் சத்தம் போடத் தெரியாது."

குழந்தை மூக்கை உறிஞ்சிக்கொண்டு வந்தது. மடியில் ஏறவில்லை. முக்காலியின் அருகில் நின்று பெட்டியின் பக்கவாட்டில் ஒரு விரலை வைத்தது. அழகுபாண்டி பதிவை மெல்ல ஒலிக்கவிட்டார். தகப்பனின் கனத்த குரலுக்கு மெல்லிய பலகை அதிர்ந்தது. விரல் கையாயிற்று. இரண்டு கைகளாயிற்று.

"பேசுது மாமா. கையில பேசுது."

"மடியில உக்காந்து புடிச்சுக்க. இறுக்கிப் புடிச்சாத்தான் நல்லாத் தெரியும்."

அது உட்கார்ந்தது. இரண்டு உள்ளங்கைகளும் பெட்டியின் இரு பக்கங்களில் ஒட்டியிருந்தன, தலை அசையவில்லை. ஒலி அவ்வளவு குறைவாக இருந்ததால் மண்டபத்தில் நின்றவர்களும் தம்மையறியாமல் மூச்சை அடக்கிக் காதைக் கூர்மையாக்கினார்கள். வெளியே யாரோ உரக்கச் சிரித்தார்கள். அழகுபாண்டிக்கு உயிர் போய் வந்தது. ஆசாரி அவரைப் பார்த்தார். அழகுபாண்டி சரி என்பதுபோல் கண்களை மூடித் திறந்தார்.

ஊசி ஏறியது.

குழந்தை வீறிட்டது. நன்றாக, தொண்டை கிழிய, எல்லாப் பிள்ளைகளும் அழுவதுபோல் அழுதது. ஆசாரி கம்பியை முறுக்கி முடிக்கும் முன்பே, குலவை வேண்டாம் என்று அழகுபாண்டி காலையிலேயே சொல்லி வைத்திருந்தும், முதல் குலவை செல்லத்தாயின் வாயிலிருந்தே கிளம்பியது. மற்றப் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். அழகுபாண்டி குழந்தையின் மேல் கவிழ்ந்து, இரு கைகளாலும் அதன் தலையைப் பொத்திக்கொண்டார். புளியமரத்தடி உறுமலுக்காகக் காத்திருந்தார். காத்துக்கொண்டே இருந்தார். வரவில்லை.

நிமிர்ந்தபோது வாசலில் பால்பாண்டி நின்றிருந்தார். ஒரு கையில், சுருட்டிய பெரிய கறுப்பு ஒயர்.

"புடுங்கிட்டே வந்துட்டேண்ணே" என்றார். "சுவிட்ச நம்பல. கூட்டத்துல எவனாச்சும் அமுக்கிருவான்."

மருது தோள்துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு, சாப்பாட்டுப் பந்தலைப் பார்த்து நடந்தார். முனீஸ்வரி வந்து மகளின் காதைப் பார்த்தார், அண்ணனின் முகத்தைப் பார்த்தார். அண்ணனின் நெற்றி வேர்வையை முந்தானையால் ஒற்றிவிட்டு மகளைத் தூக்கக் குனிந்தார். தேவி வரவில்லை. விசும்பலுக்கு நடுவே பெட்டியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

"ஒட்டகம் நகந்துச்சா?"

அழுகையில் கதையின் முடிவு கேட்காமல் போயிருந்தது. காதுகுத்திய பிள்ளை தாய்மாமன் மடியைவிட்டுத் தானாக இறங்கும் வரை இலை போடுவதில்லை என்பது அந்த வீட்டு வழக்கம். சமையல்காரர் இரண்டு முறை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். அழகுபாண்டியின் கால்கள் மரத்துப்போயிருந்தன.

"முதல்லருந்து போடுப்பா" என்றார் செல்லத்தாய், முக்காலியின் அருகில் உட்கார்ந்துகொண்டே. "நானும் சரியாக் கேக்கல."

அவர் முதலிலிருந்து போட்டார். கதை முடிந்து, தேவி மடியைவிட்டு இறங்கியபோது மணி பன்னிரண்டே முக்கால். இலை போட்டார்கள். முதல் பந்தியில் உட்கார்ந்தவர்கள் நூற்றுப் பன்னிரண்டு பேர்.